பால் உறையும் வரை

முப்பத்திரண்டு வருடம் கிருமியைக் கொல்வதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். மாநகர சபையின் நீர்ப் பகுதியில் மேற்பார்வையாளர் வேலை. தண்ணீரில் குளோரின் அளவாக விழுகிறதா, ஊருக்குப் போகிற குழாயில் உயிரோடு ஏதாவது போகிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. கண்டி மஹய்யாவையில் எங்கள் வீட்டில் கொதிக்காத தண்ணீரை யாரும் வாயில் வைத்தது கிடையாது. "இந்த வீட்டுல பச்சத் தண்ணி கேட்டா போலீஸ் வரும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவன் கையில், கிருமியை விலை கொடுத்து வாங்கி, சாகாமல் வைத்திருந்து, தினமும் காலையில் அவளுக்குக் கொடுக்கிற வேலை வந்து சேர்ந்தது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

அவள் விஞ்ஞான டீச்சர். தமிழ்ப் பாடசாலை ஒன்றில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் படிப்பித்தவள். நோய் முதலில் அவள் தொண்டையில்தான் வந்து உட்கார்ந்தது. முதல் பாடத்தில் கணீரென்று இருக்கும் குரல், நாலாம் பாடத்தில் மூக்கால் பேசுகிற மாதிரி ஆகிவிடும். பின்வரிசைப் பிள்ளைகள் "கேக்கல டீச்சர்" என்று கத்துவார்களாம். கொஞ்ச நாளில் இடது கண் இமை சரிந்தது. பிறகு சாப்பிடும்போது தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு மென்றாள். ஒரு நாள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. "மெதுவாக் குடிக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். என் வாய் அப்படி. அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பு வைத்தியர் ஒரு சிங்களவர், நிதானமானவர். நோயை உறுதிப்படுத்த ஒரு சோதனை என்று, ரப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு முடிந்து, அவள் சரிந்த இமை மேல் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தார். எடுத்ததும் இமை மேலே ஏறி நின்றது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சிரிப்பாக வரவில்லை. கன்னத் தசைகள் ஒத்துழைக்காமல், யாரையோ முறைக்கிற மாதிரி உதடு மட்டும் தூக்கிக்கொண்டது.

உடம்பைக் காக்க வேண்டிய படையே திரும்பி, நரம்பு தசைக்குச் சொல்கிற கட்டளையை வழியில் மறிக்கிறது என்று வைத்தியர் விளக்கினார். மூன்று விதமான மாத்திரை எழுதினார். ஒன்று சில மணி நேரத்துக்கு ஒரு தடவை, அந்த நேரத்துக்குத் தெம்பு தருவது. இன்னொன்று ஸ்டீரொய்ட், படையை அடக்குவது. மூன்றாவது மெல்ல வேலை செய்வது. பலன் தெரிய மாதக்கணக்காகும், பொறுமையாக இருங்கள் என்றார். மூச்சு குறைகிறதா என்று பார்க்க வீட்டில் செய்யக்கூடிய ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ண வேண்டும். எண்ணிக்கை சட்டென்று இறங்கினால் ஒரு நிமிடமும் நிற்காமல் வந்துவிட வேண்டும்.

ஸ்டீரொய்ட் அவள் முகத்தை ஊத வைத்தது. கன்னம் உப்பிக் கழுத்து மறைந்து, பழைய படங்களில் இருந்தவளைக் காணவில்லை. இரத்தத்தில் சீனியும் ஏறியது. லீவில் இருந்தவளைப் பார்க்க வந்த ஒரு பிள்ளை, "டீச்சர், நீங்க தானா?" என்று கேட்டுவிட்டது. அது போன பிறகு அலுமாரிக் கண்ணாடியில் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டாள். நான் எடுத்தேன். மறுபடி தொங்கவிட்டாள்.

நல்ல கிருமிகளைப் பற்றி முதலில் வாசித்தது அவள்தான். குடலில் இருக்கிற கிருமிகளுக்கும் உடம்பின் படைக்கும் தொடர்பு உண்டு, நல்லவற்றைச் சேர்த்தால் படையின் வெறி தணியலாம் என்று எழுதியிருந்ததை எனக்குப் பாடம் நடத்துகிற மாதிரியே சொன்னாள். வைத்தியரிடம் கேட்டோம். விலங்குகளில் பார்த்ததில் ஏதோ பலன் தெரிகிறது, மனிதரில் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றார். சாப்பிட்டுப் பார்க்கலாம், காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும். ஆனால் இதை நம்பி மற்ற மாத்திரையில் ஒன்றைக்கூட விடக் கூடாது என்று விரலை நீட்டிச் சொன்னார். அவள் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள்.

டவுனில் எங்களுக்குப் பழக்கமான பார்மசிக்காரர் ஒருவர் இருக்கிறார். முஸ்லிம் மனுசர், ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். அவர்தான் கொழும்பில் சொல்லி அந்தக் கேப்சூலை எடுத்துத் தந்தார். ஐஸ் பாக்கெட்டோடு பையில் போட்டு, "அண்ணே, வழியில நின்டு கதைக்காம நேரா வீட்டுக்குப் போங்க. பிரிஜ்லயே ஈக்கணும்" என்றார். உள்ளே பொடி எழுத்தில் இங்கிலீஷ் தாள் ஒன்று இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை. நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த குசினிக் கதிரையின் காலுக்கு அடியில் வைத்தேன்.

அவளால் கேப்சூலை விழுங்க முடியாது. உடைத்து எதிலாவது கலந்து கொடுக்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. பிரிஜிலிருந்து எடுத்த சில்லிட்ட சாமானை நோயாளிக்கு யாராவது கொடுப்பார்களா? கண்டிக் குளிருக்கு நெஞ்சில் சளி கட்டினால், இவளால் காறித் துப்பக்கூட முடியாதே. ஐஸ் வைத்ததும் இமை ஏறியதை இந்தக் கண்ணால் பார்த்தவன்தான். ஆனாலும் பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு இரண்டு நிமிடத்தில் மாறிவிடுமா? இஞ்சி தட்டிப் போட்டு, கொத்தமல்லித் தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க இறக்கி, ஆவி பறக்கும்போதே அந்தப் பொடியைக் கொட்டிக் கலக்கினேன். சூடாகக் கொடுத்தால் தொண்டையில் இறங்கவில்லை என்று அவள் சொன்னதால், டம்ளருக்கு டம்ளர் ஆற்றி, வெதுவெதுப்பாக்கிக் கொண்டு போய்க் கொடுப்பேன். அவள் கண்டது அந்த வெதுவெதுப்பை மட்டும்தான்.

கேப்சூல் தொடங்கிய நாலாம் மாதம் ஒரு காலை நேரம், தெருவில் போன மீன்காரனை அவள் ஜன்னலில் நின்று கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான் நடந்தது. நான் குசினியில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் குரல் தெருமுனை வரைக்கும் போயிருந்தது.

அதன் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதே கதை. "எல்லாம் இவர் தேடிப் புடிச்சுக் கொடுத்த கிருமிதாங்க. விடியக் காலம எந்திரிச்சு ஒரு நாள் தவறாம கலக்கிக் கொடுத்தார்" என்பாள். பக்கத்து வீட்டு அக்கா, "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்று தன் வீட்டுக்காரருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். தேடிப் பிடித்தது நானில்லை, அவள்தான். இருந்தும் மறுக்கவில்லை. பொய் சொல்வானேன், எனக்கு இனித்தது.

அடுத்த டப்பா வாங்கப் போன நாளில் அந்த இனிப்பு தீர்ந்தது. கடையில் வேறு ஆள் இல்லை. எப்படிக் கொடுக்கிறேன் என்று பெருமையாக அளந்துகொண்டிருந்தேன். நானாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"கொதிக்கிற மல்லித் தண்ணியிலயா?"

"ஆமா. பின்ன, குளிர்ச்சியாவா கொடுக்கிறது?"

"அண்ணே, வீட்டுல பாலுக்கு உறை ஊத்துவீங்களா?"

"ஊத்துவோம்."

"கொதிக்கிற பால்லயா ஊத்துவீங்க?"

சின்ன வயதிலிருந்து விரலை விட்டுச் சூடு பார்த்து உறை ஊற்றுகிறவன். குளோரின் போட முடியாத இடத்தில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவன். இது உயிருள்ள சாமான், சூடு பட்டால் செத்துவிடும் என்று எனக்கு வேறு யார் சொல்ல வேண்டும்? நானா குரலைத் தாழ்த்தி, "சரி அண்ணே, தெரியாமச் செஞ்சது. அக்காட்ட செல்லிருங்க" என்றார். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஆறின கஞ்சியில் கலந்து கொடுத்தேன். "என்னாங்க, மல்லித் தண்ணி இல்லையா?" என்று கேட்டாள். மல்லி முடிந்துவிட்டது என்றேன். அலுமாரித் தட்டில் ஒரு போத்தல் நிறைய இருந்தது. அதை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். அவள்தான் குணமாகிக்கொண்டு வருகிறாளே, எதனால் ஆனால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு கிழமை போயிருக்கும். விடாத மழை. வாசல் ஓரத்து அந்தூரியம் சட்டிகளில் தண்ணீர் தேங்கி நின்றதால் ஒன்றைச் சரித்து மண்ணைக் கிளறினேன். வெள்ளையாக ஏதோ தட்டுப்பட்டது. முதலில் நத்தை முட்டை என்று நினைத்தேன். இன்னொன்று முழுசாகக் கிடைத்தது. நடுவில் கோடு போட்ட மாத்திரை. பக்கத்துச் சட்டியையும் கிளறினேன். அங்கும் இருந்தது, ஊறிக் கூழாகி.

ஸ்டீரொய்ட்.

உள்ளங்கையில் மண்ணோடு அதைக் கொண்டு போய் அவள் முன்னால் நீட்டினேன். "என்ன இது?" என்று கேட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவள் பதறவில்லை.

"பத்து நாளா எடுக்கல. மொகம் வத்தணும்னா அதை விடத்தான் வேணும். எனக்குப் பள்ளிக்கூடம் போகணுங்க, இந்த மொகத்தோட போக மாட்டேன்."

"டாக்டர் என்னா சொன்னாரு?"

"டாக்டர் மனுசருக்கு உறுதியில்லைன்னு சொன்னாரு. இதோ நான் மனுசிதானே? கிருமி வேலை செய்யுதே."

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. நாலு மாதமாக நீ குடித்தது செத்த கிருமியை, உன்னைத் தூக்கி நிறுத்தியது நீ புதைத்த இந்த மாத்திரையும் அந்த மெதுவான மாத்திரையும்தான் என்று சொல்ல வேண்டியவன், "நான் டாக்டர்கிட்டச் சொல்லுவேன்" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டேன். கொஞ்ச நாளாகப் பொழுது சாயச் சாய அவள் குரல் மங்குவதைக் கவனித்திருந்தேன். மழைக்கு என்று நினைத்தேன். வெட்கம் ஒரு மனிதனை இவ்வளவு கோழையாக்கும் என்று எனக்கு அது வரை தெரியாது.

மறுநாள் காலை, ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடும்போது அவளுக்குப் புரையேறியது. இருமத் தெம்பில்லாத இருமல். கண் பிதுங்கி, கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. முதுகில் தட்டினேன், குனிய வைத்தேன். ஒரு வழியாகத் துண்டு வெளியே வந்தது. அவள் மூச்சு வாங்கி முடிக்கும் வரை நின்றேன். பிறகு கொட்டித் தீர்த்தேன். மல்லித் தண்ணி, கொதி, நானா சொன்னது, ஒளித்து வைத்த போத்தல், எல்லாம்.

அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பொய்" என்றாள்.

"என்னா பொய்?"

"நான் மாத்திரை போடணும்கிறதுக்காகக் கதை கட்டுறீங்க. நேத்து ஏன் சொல்லல? மல்லி முடிஞ்சு போச்சுன்னு சொன்னதும் நீங்கதானே? எதை நம்புறது?"

கசப்பு மருந்தைத் தேன் என்றும், நேரம் தப்பிய பத்து மணியை எட்டு மணி என்றும் சொல்லிச் சொல்லியே அவளைச் சாப்பிட வைத்தவன் நான். அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து மல்லிப் போத்தலை எடுத்துக் கொண்டு வந்து மேசையில் வைத்தேன். "அது நீங்க ஒளிச்சு வச்சதுக்குச் சாட்சி. கிருமி செத்ததுக்கு இல்ல" என்றாள். டீச்சரைக் கட்டினவன் பட வேண்டிய பாடு இது.

"ரெண்டு டம்ளர் கொண்டாங்க" என்றாள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் செய்து காட்டுகிற பரிசோதனையாம். ஒரே பாலைக் காய்ச்சச் சொன்னாள். கொதிக்கிறபோதே ஒரு டம்ளரில் ஊற்றி, ஒரு கேப்சூலை உடைத்துக் கொட்டிக் கலக்கச் சொன்னாள். மற்றதில் விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகு இன்னொரு கேப்சூல். காகிதத் துண்டில் 'சூடு', 'ஆறியது' என்று தன் கையால் எழுதி ஒட்டினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. இரண்டையும் துவாயில் சுற்றி அரிசிப் பெட்டிக்குள் புதைத்தேன்.

"ஆறினது உறைஞ்சு, சூடு உறையாம இருந்தா நீங்க சொல்றது உண்மை. அப்ப மாத்திரை போடுறேன்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் இல்ல."

"எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம். சொல்றதைக் கேளு."

"பால் உறையட்டும்."

கெஞ்சினேன், திட்டினேன், கையைப் பிடித்து இழுத்தேன். கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தெம்பு தருகிற மாத்திரையை மட்டும் நேரத்துக்கு எடுத்தாள். ஸ்டீரொய்டைத் தொடவில்லை. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். இருபத்தெட்டு வரை போனாள். சரி, சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அதுவும் என் பிழைதான்.

அந்தப் பகல் மாதிரி ஒரு பகல் எனக்கு இனி வேண்டாம். மலைப்பக்கமிருந்து மழை இறங்கி, வீடு ஐஸ் பெட்டியாகிவிட்டது. இந்தக் குளிரில் எந்தப் பால் உறையும்? மணிக்கொரு தடவை அரிசிக்குள் கையை விட்டு டம்ளரை எடுத்துச் சரித்துப் பார்த்தேன். இரண்டும் தண்ணீராக ஆடின. "ஆட்டினா உறையாது" என்று அறையிலிருந்து சொன்னாள். சொன்னதில் பாதி மூக்கு வழியாக வந்தது. பன்னிரண்டு மணிக்கு எண்ணச் சொன்னேன். பத்தொன்பது. தாடையைக் கையால் தாங்கிக் கஞ்சி இரண்டு வாய் குடித்தாள், மூன்றாவது வாய் உதட்டோரம் வழிந்தது. இடது இமை சரிந்துவிட்டது. வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பாலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுக்கக் காத்திருக்கிறவன் போல அரிசிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், கிருமிகளையும் கூப்பிட்டேன். நாலு மாதமாக உங்களை வேக வைத்தவன்தான், இன்றைக்கு ஒரு நாள் எனக்காக உயிரோடு இருங்கள் என்று.

நாலு மணிக்கு அவள் ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னாள். விளங்கவில்லை. கொப்பியை இழுத்து எழுதினாள்: 'தலை நிக்கல.' கழுத்து முன்னால் விழுந்து விழுந்து எழுந்தது. எண்ணு என்றேன். ஒன்று, இரண்டு என்று உதடுதான் அசைந்தது. ஒன்பதில் நின்றது.

அதற்கு மேல் நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கி, த்ரீவீலரில் ஏற்றினோம். அவள் தலையை என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். டவுன் நெரிசலில் வண்டி நின்ற ஒவ்வொரு இடத்திலும் அவள் மூச்சை என் கன்னத்தில் வைத்து எண்ணினேன். கொப்பியையும் பென்சிலையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள், விடவில்லை. டம்ளர்கள் அரிசிக்குள்ளேயே கிடந்தன.

வார்டில் ஒட்சிசன் வைத்து, கையில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். கட்டில் ஓரத்தில் சுவாச இயந்திரம் ஒன்றைத் தள்ளிக் கொண்டு வந்து, இணைக்காமல் நிறுத்தி வைத்தார்கள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. எங்கள் நரம்பு வைத்தியரே வந்து, மாத்திரை ஏதாவது விட்டதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுதிக் காட்டினாள். இங்கிலீஷில், கோணல் எழுத்தில்: 'பத்து நாள் ஸ்டீரொய்ட் எடுக்கவில்லை. என் பிழை.' கீழே இன்னொரு வரி எழுதி, பென்சில் நுனியால் என் பக்கம் காட்டினாள். 'இவர் செய்ததை இவரே சொல்லட்டும்.'

சொன்னேன். வார்டு முழுக்கக் கேட்க, என் முனிசிப்பல் சிங்களத்தில், கொத்தமல்லியிலிருந்து தொடங்கினேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். ஒரு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். வைத்தியர் சிரிக்கவில்லை. கிருமி செத்ததால் இவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மருந்தை விட்டதால்தான் ஆனது என்றார். நாலாம் மாதம் குரல் வந்தது அந்த மெதுவான மாத்திரை வேலை செய்யத் தொடங்குகிற காலக் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது என்றும் சொன்னார். கிருமியால் ஒரு பலனும் இல்லையா என்று கேட்டேன். "இருக்கலாம். உயிரோடு கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்?" என்றார்.

அவர் போனதும் அவள் மறுபடி எழுதினாள், இந்தத் தடவை தமிழில். 'அவரை நம்புறேன். கிருமி செத்துச்சுன்னு நீங்க சொன்னதை நம்பி அவர் சொன்னதைத்தான் நம்பல. பால் என்ன ஆச்சு?'

அவ்வளவு பிடிவாதம். இயந்திரம் பக்கத்தில் நிற்கிறது, மூச்சுக்குத் திணறுகிறாள், பால் என்ன ஆச்சு என்கிறாள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாளைக் காலையிலிருந்து மாத்திரையைத் திரும்பத் தொடங்க வேண்டும், நோயாளி விருப்பத்தோடு எடுக்க வேண்டும், நீங்கள் பேசிப் பாருங்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். என் பேச்சுக்கு இருந்த மதிப்பு எனக்குத்தானே தெரியும்.

வீடு வந்து சேர்ந்தவன் அரிசிப் பெட்டியைத் திறக்கவில்லை. உறையாமல் இருந்தால் என்ன செய்வேன் என்ற பயம். விடிந்த பிறகுதான் துணிந்தேன். 'ஆறியது' என்ற டம்ளரை எடுத்துச் சரித்தேன். ஆடவில்லை. இன்னும் சரித்தேன். கெட்டியாக, டம்ளரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மேலே ஒரு துளி தெளிந்த நீர். முகர்ந்தால் நல்ல புளிப்பு வாசம். அரிசி சிதறிக் கிடந்த தரையில் உட்கார்ந்து அழுதேன். மற்ற டம்ளரில் ஆடை கட்டிய பால் பாலாகவே கிடந்தது. அதைக் கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றி, டம்ளரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன். தயிர் டம்ளரை மட்டும் மூடி, பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. ஓய்வெடுத்து எழுந்த காலையில் கொஞ்சம் இரக்கம் காட்டும். இயந்திரத்தை இணைக்க வேண்டியிருக்கவில்லை. அவளைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். குரல் நூல் மாதிரி, ஆனால் இருந்தது. டம்ளரை எடுத்து அவள் கண் முன்னால் கவிழ்க்கிற அளவுக்குச் சரித்தேன். தயிர் அசையவில்லை. ஜெயித்தவன் மாதிரி நின்றேன்.

அவள் காகிதத் துண்டில் தன் கோணல் எழுத்தை வாசித்தாள். பிறகு பையைப் பார்த்தாள்.

"மத்த டம்ளர்?"

"அது உறையல. பாலாவே இருந்துச்சு."

"எங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தயிர் உறைந்ததால் கேப்சூலில் உயிர் இருக்கிறது என்றுதான் தெரியும். அதை நான் கொன்றேன் என்பதற்கு உறையாத டம்ளர்தான் சாட்சி. இரண்டும் சேர்ந்தால்தான் பரிசோதனை. அதில் என் பிழையைச் சொல்கிற டம்ளரை மட்டும், யாரும் கேட்காமலே, என் கை ஊற்றிக் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"ஊத்திட்டேன்" என்றேன்.

தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மூச்சுச் சேர்க்கிறாளா, கோபமா என்று தெரியவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்தேன்.

"நீங்க ஊத்துனீங்க" என்றாள். கொஞ்சம் மூச்சிளைத்து, "நான் பொதைச்சேன்" என்றாள். பிறகு அந்தச் சிரிப்பு, முறைக்கிற மாதிரி உதடு தூக்கிய சிரிப்பு, முகத்தில் வந்தது.

நர்ஸ் மாத்திரையைப் பொடியாக்கிக் கரண்டியில் கொண்டு வந்தார். வீட்டுத் தயிர் இப்போதைக்கு வேண்டாம், கென்டீனில் யோகட் வாங்கி அதில் கலந்து மெதுவாகக் கொடுங்கள், குளிர்ச்சியாக இருந்தால் தொண்டைக்குச் சுகம் என்றார். ஓடிப் போய் வாங்கி வந்தேன். பிரிஜிலிருந்து எடுத்த கோப்பை, விரல் விறைக்கிற குளிர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பொடியைக் கொட்டுவதற்கு முன்னால், என்னை அறியாமலே இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அதை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கைய எடுங்க" என்றாள்.

எடுத்தேன். பொடியைக் கலந்து கரண்டியை நீட்டினேன். அவள் வாயைத் திறந்தாள்.